கரண்ட் எஞ்சினைக் காப்பாற்றுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

சில வருஷங்களுக்கு முன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை நீராவி ரயிலுக்குக் கூட்டிப் போனோம். உம்கேனி நீராவி ரயில்வே என்று தன்னார்வலர்கள் நடத்தும் ரயில் அது. க்ளூஃபிலிருந்து இஞ்சாங்கா வரை, பழைய மெயின் லைனில் மலை வளைவுகளில் மெதுவாகப் போகும். கரித்தூள் கண்ணில் விழுந்து பாதிப் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தார்கள். ஒருத்தருக்கும் அதில் வருத்தம் இல்லை.

திரும்பி வரும்போது பத்து வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: "அக்கா, இது இவ்வளவு பழசு, ஆனா ஓடுது. எங்க தாத்தா ஜோஹன்னஸ்பர்க் போன கரண்ட் எஞ்சின் எங்க இருக்கு? அதை ஏன் யாரும் ஓட்டிக் காட்டல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் ரயில்வே ஷெட்டில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். "நீராவி எஞ்சின் தனிக்கட்டை. கரியும் தண்ணியும் போட்டா எங்க வேணா ஓடும். யூனிட் அப்படி இல்ல. அது பாதி மெஷின்தான். மீதிப் பாதி வெளியில கம்பியில இருக்கு" என்றார். இங்கே ரயில்வேக்காரர்கள் மின்சார எஞ்சினை 'யூனிட்' என்றுதான் சொல்வார்கள்.

மாமா சொன்ன அந்தப் 'பாதி மெஷின்' கணக்கு புரிந்துவிட்டால், இந்த எஞ்சின்களுக்கு எப்போது, எப்படி ஓய்வு கொடுக்கிறார்கள், அதற்குப் பிறகு அவை ஏன் அழிந்து போகின்றன என்பதெல்லாம் விளங்கிவிடும்.

முதலில் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். தண்டவாளத்துக்கு மேலே செம்புக் கம்பி போகிறது. தென்னாப்பிரிக்காவின் பெரும்பாலான மின்தடங்களில் அதில் 3000 வோல்ட் நேர் மின்சாரம் (டி.சி.) ஓடும். எஞ்சினின் கூரையில் மடக்கி விரிக்கிற கை போல ஒன்று இருக்கிறதே, அதுதான் பாண்டோகிராஃப். அது கம்பியைத் தொட்டு மின்சாரத்தை உள்ளே இழுக்கிறது. சக்கர அச்சுகளோடு பொருத்திய மோட்டார்களைச் சுழற்றிவிட்டு, மின்சாரம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி, துணை மின்நிலையத்துக்குத் திரும்பிவிடும். கம்பி, எஞ்சின், தண்டவாளம், துணை மின்நிலையம் நான்கும் சேர்ந்தால்தான் வட்டம் முழுமை பெறும். ஒன்று இல்லையென்றாலும் எஞ்சின் சக்கரம் வைத்த இரும்பு அறைதான்.

நின்றிருக்கும் மோட்டாரில் மொத்த மின்சாரத்தையும் ஒரேயடியாக விட்டால் அது கருகிவிடும். அதனால் கிளம்பும்போது நான்கு மோட்டார்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்து, நடுவில் பெரிய மின்தடைகளையும் போடுவார்கள். வேகம் ஏற ஏற அந்தத் தடைகளை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டு, பிறகு மோட்டார்களை இரண்டு இரண்டாகப் பிரித்து இணைப்பார்கள். பழைய எஞ்சின்கள் கிளம்பும்போது உள்ளே 'டக்... டக்... டக்' என்று கேட்பது இதனால்தான். அந்தச் சத்தத்தை வைத்தே எந்த யூனிட்டுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவாராம் மாமா. கொஞ்சம் பீற்றல்தான், ஆனாலும் நம்புகிறேன்.

இந்த நாட்டில் மின்சார மெயின் லைன் முதலில் வந்தது டர்பன் இருக்கும் நம் நேட்டால் மாகாணத்தில்தான். கிளென்கோவுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே உள்ள மலைப் பாதையில், நிலக்கரி ரயில்களை இழுக்க நீராவி எஞ்சின்கள் திணறின. அதனால் கொலென்ஸோவில் தனியாக ஒரு மின்நிலையம் கட்டி, 1925 முதல் 1ஈ வகை எஞ்சின்களைக் கொண்டுவந்தார்கள். 1945 வரை மொத்தம் 172 வந்தன. இறக்கத்தில் போகும்போது அதே மோட்டார்களை ஜெனரேட்டராக மாற்றி, வேகத்தையும் பிடித்துக்கொண்டு, மின்சாரத்தையும் கம்பிக்குத் திருப்பி அனுப்புகிற ஏற்பாடு அவற்றில் இருந்தது. மலையிலிருந்து இறங்கும் ரயில் கொடுக்கும் மின்சாரத்தில் இன்னொரு ரயில் மலை ஏறும். நூறு வருஷத்துக்கு முந்தைய ஏற்பாடு இது. இன்று மின்சாரக் காருக்கு விளம்பரம் செய்கிறவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த நிலக்கரி யாருடைய வியர்வை என்பது தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1913-ல் நியூகாசில் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து வேலையை விட்டு வெளியே வந்து காந்தியோடு நடந்தவர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள். அதே சுரங்கங்களின் கரியை ஏற்றிச் செல்லத்தான் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து இந்தக் கம்பி வந்தது.

சரி, எஞ்சினுக்கு எப்படி வயதாகிறது?

மாமா வீட்டு மேஜையில் ஒரு கறுப்புக் கட்டி இருக்கிறது. மைசூர்பாகு துண்டு அளவு, ஒரு முனையில் பின்னல் மாதிரி செம்புக் கம்பி வால். கடிதங்கள் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைப்பார். அது மோட்டாரின் கார்பன் பிரஷ். சுழலும் செம்பு உருளையின் மேல் உரசியபடி மின்சாரத்தை உள்ளே அனுப்புவது அதன் வேலை. உரச உரசத் தேயும், தேய்ந்தால் மாற்றலாம். அது சல்லிசான சமாச்சாரம். ஆனால் அது உரசும் செம்பு உருளையும் மெல்ல மெல்லத் தேய்கிறது. அதைக் கடைந்து கடைந்து சமப்படுத்தினால், ஒரு நாள் கடைவதற்குச் செம்பு மிச்சமிருக்காது. மோட்டார்ச் சுருளைச் சுற்றியிருக்கும் காப்புறை, சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அப்பளம் போல நொறுங்க ஆரம்பிக்கும். அப்போது சுருளை முழுக்கப் பிரித்து மறுபடி சுற்ற வேண்டும். செலவு அதிகம். அப்புறம் சட்டகத்தில் விரிசல், துரு, ஒயர்களில் எலிக்கடி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மிகப் பழைய எஞ்சின்களில் எல்லாமே கண்ணால் பார்த்து, அரத்தால் தேய்த்துச் சரிசெய்யக்கூடிய சாமான்கள். சுவிட்சு கருகினால் கழற்றித் தேய்த்து மாட்டிவிடலாம். பின்னால் வந்த எஞ்சின்களில் மின்னணு அட்டைகள். அந்த அட்டையைச் செய்த கம்பெனியே மூடியிருக்கும், செய்யத் தெரிந்தவர் ஓய்வு பெற்றிருப்பார். அதனால் தாத்தா எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேரன் எஞ்சின் படுத்துவிடுவது ஷெட்டுகளில் புதிதல்ல.

ஓய்வு என்பது ஒரே நாளில் நடப்பதும் இல்லை. சான்றிதழ், மாலை, புகைப்படம் எல்லாம் அபூர்வம். பெரும்பாலும் நடப்பது இப்படி: பெரிய பழுது பார்க்கும் முறை வந்ததும் 'இதற்குச் செலவு செய்வது லாபமா' என்று கணக்குப் போடுவார்கள். லாபமில்லை என்றால் எஞ்சினை ஓரத் தண்டவாளத்தில் நிறுத்திவைப்பார்கள். காகிதத்தில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கும். பிறகு வேறொரு எஞ்சினுக்கு அவசரமாகக் கம்ப்ரஸர் வேண்டும், இதிலிருந்து கழற்றுவார்கள். அடுத்த மாதம் ஒரு மோட்டார். அதற்கடுத்து கண்ணாடி. கடைசியில் கழற்ற ஒன்றும் இல்லாமல் போகும்போது, கணக்கிலிருந்து நீக்கி, பழைய இரும்புக்கு ஏலம் விடுவார்கள். ஊர்ப் பக்கம் சொல்வார்களே, பேரீச்சம்பழத்துக்குப் போடுவது என்று. அதேதான்.

காப்பாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் வந்து சேர்கிறார்கள். அப்போது கிடைப்பது வெறும் கூடு. ஓரத்தில் நிறுத்திய அந்த முதல் வாரத்திலேயே கேட்க வேண்டும் என்பது மாமாவின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

மாற்று வராவிட்டால் ஓய்வு தள்ளிப்போகும் என்பதும் உண்டு. பயணிகள் ரயிலுக்காக ஸ்பெயினில் செய்யச் சொன்ன புது டீசல் எஞ்சின்கள் வந்து இறங்கியபோது, மேல்கம்பி உள்ள தடங்களுக்கு அவை உயரம் அதிகம் என்று 2015-ல் பெரிய சர்ச்சை. கொள்முதல் நடந்த விதமே தவறு என்று 2017-ல் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது. எழுபதுகளில் பிறந்த எஞ்சின்களின் மேல் பாரம் கூடத்தான் செய்தது.

அந்த எழுபதுகளின் எஞ்சின் என்றால் 6ஈ1. தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த எவரும் அதைப் பார்த்திருப்பார்கள், பெயர் தெரியாமலேகூட. 1969 முதல் 1985 வரை, நைஜல் ஊரில் இருந்த யூனியன் கேரேஜ் அண்ட் வேகன் தொழிற்சாலையில் 960 எஞ்சின்கள் செய்தார்கள். சரக்கும் இழுக்கும், பயணிகள் ரயிலும் இழுக்கும். சாதாரண வேலையில் மணிக்கு 113 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். ஆனால் 1978 அக்டோபர் 31 அன்று, சோதனைக்காக மாற்றியமைத்த ஈ1525 என்ற எஞ்சின், வெஸ்டோனேரியா பக்கம் 245 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. 1067 மில்லிமீட்டர் அகலமுள்ள குறுகிய தண்டவாளத்தில் அது உலகச் சாதனை.

2000-லிருந்து நூற்றுக்கணக்கான 6ஈ1 எஞ்சின்களைப் பிரித்து மறுபடி கட்டி, 18ஈ என்று புதுப் பெயர் வைத்தார்கள். முன்பு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருந்தது. மறுகட்டுமானத்தில் ஒரு முனையில்தான் ஓட்டும் கருவிகளை வைத்தார்கள். கம்ப்ரஸர் இரைச்சல் குறைவாகக் கேட்கும் முனையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னொரு முனையின் ஜன்னல்களை அடைத்து, அங்கே கழிப்பறை கட்டிவிட்டார்கள்! ஓட்டுநர்களுக்கு அது பெரிய நிம்மதி, மறுக்க முடியாது. ஆனால் பாதுகாக்க நினைப்பவருக்குத் தலைவலி. நாளைக்கு ஒரு 18ஈ-யைப் பாதுகாத்தால், நாம் வைத்திருப்பது 1975-ன் எஞ்சினா, 2005-ன் எஞ்சினா?

கோயிலுக்குத் திருப்பணி செய்யும்போது நமக்கு இந்தக் கேள்வி வருவதே இல்லை. கோபுரத்துக்குப் புது வர்ணம், தரைக்குப் புதுக் கல், அது அதே கோயில்தான். எஞ்சின் விஷயத்தில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் கழிப்பறையோடு ஒன்று, அசல் இரட்டை அறையோடு ஒன்று, இரண்டையும் வைக்க வேண்டும்.

வர்ணமும் இதே போலத்தான். ஷெட்டில் கழற்றிப் போட்ட கதவு ஒன்றின் ஓரத்தை மாமா நகத்தால் சுரண்டிக் காட்டியிருக்கிறார். மேலே ஷோஷோலோசா மெய்ல் என்ற தொலைதூரப் பயணிகள் ரயிலின் கத்தரிப்பூ நிறம், அதற்குக் கீழே ஸ்பூர்நெட் என்ற பழைய ரயில்வே நிறுவனத்தின் காலத்து ஆரஞ்சு, அதற்கும் கீழே பூனை மீசை போல மஞ்சள் கோடு போட்ட பழைய செங்காவி. விரல் நுனியில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சில்லில் மூன்று நிர்வாகங்கள். பாதுகாக்கும்போது எந்த நிறத்தைப் பூசுவது? எதைப் பூசினாலும் மற்ற இரண்டை மறைக்கத்தான் வேண்டும்.

இனி, பாதுகாப்பதில் உள்ள வகைகள். எளிமையானது, ஸ்டேஷன் வாசலில் பீடம் கட்டி ஏற்றி வைப்பது. வெயில், மழை, டர்பனாக இருந்தால் உப்புக்காற்று. பத்து வருஷத்தில் கூரை ஓட்டையாகிவிடும். இதைவிட நல்லது கூரைக்கடியில் அருங்காட்சியகத்தில் வைப்பது. ஜார்ஜ் நகரத்து அவுட்டெனிக்வா போக்குவரத்து அருங்காட்சியகம் அந்த வகை. மூன்றாவது, ஓடுகிற நிலையில் வைத்திருப்பது. எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான், சிக்கல் வருவதும் இங்கேதான்.

நீராவி எஞ்சினை வைத்திருக்கும் சங்கம் தனக்கென்று ஒரு சின்னத் தடத்தில் அதை ஓட்டிக்கொள்ளலாம். கொதிகலன் தேர்வுக்கு ஆள் வேண்டும், கரி வேண்டும், அவ்வளவுதான். மின்சார எஞ்சினுக்கு அந்தத் தடத்தின் மேல் 3000 வோல்ட் கம்பி வேண்டும். அதற்குத் துணை மின்நிலையம், அதைப் பராமரிக்கத் தகுதி பெற்ற ஆட்கள், காப்பீடு. ஞாயிற்றுக்கிழமை சங்கங்களின் பட்ஜெட்டில் இது நடக்காத காரியம். எனவே ஒரே வழி, ரயில்வேயின் ஓடும் தடத்தில் அனுமதி வாங்கி ஓட்டுவது. அதுவும் அந்தத் தடத்தில் கம்பி இருக்கும்வரைதான்.

கம்பி இருக்கிறதா? 2020 கொரோனா ஊரடங்கின்போது நாடு முழுக்கப் பயணிகள் ரயில் தடங்களை உரித்துப் போட்டுவிட்டார்கள். மேல்கம்பி, சிக்னல் கேபிள், சில இடங்களில் ஸ்டேஷன் கூரை வரைக்கும். அதன்பின் 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பனிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் மெயின் லைனையே அரித்துக்கொண்டு போனது. செம்புத் திருட்டு எல்லை மீறிப்போய், அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று பழைய உலோக ஏற்றுமதிக்கே அரசு தற்காலிகத் தடை போட்டது. திருடனுக்குக் கம்பியும் ஒன்றுதான், ஓரத்தில் நிற்கும் பழைய எஞ்சினின் மோட்டாரும் ஒன்றுதான். இரண்டிலும் இருப்பது செம்பு. நீராவி எஞ்சினைவிட மின்சார எஞ்சின் சீக்கிரம் காணாமல் போவதற்கு இந்தக் காரணமே போதும்.

இன்னொரு சின்ன இடைஞ்சல் ஆஸ்பெஸ்டாஸ். பழைய எஞ்சின்களில் மின்பொறியை அடக்கும் தடுப்புகளில் அது இருக்க வாய்ப்புண்டு. தெரியாமல் கழற்றக் கூடாது.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். 1999-ன் தேசிய மரபு வளங்கள் சட்டப்படி, 60 வருஷத்துக்கு மேற்பட்ட கட்டுமானத்தை அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. ஆனால் கட்டுமானம் என்றால் நிலத்தோடு பொருந்தி நிற்பது. பழைய ஸ்டேஷன் கட்டடத்துக்கு அந்தக் காவல் தானாகவே கிடைக்கும். அந்த ஸ்டேஷனுக்கு வந்து போன எஞ்சினுக்குக் கிடைக்காது, அதற்குச் சக்கரம் இருக்கிறதே! யாராவது முயற்சி எடுத்து, அதை மரபுப் பொருளாக அறிவிக்கச் செய்தால்தான் உண்டு. 1959 முதல் 1969 வரை வந்த 5ஈ1 வகையில் 690 எஞ்சின்கள். அவற்றில் கடைசியில் வந்தவைக்கும் இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது, தேவையும் இல்லை. முதலாவது, கடைசி, சாதனை செய்தது, இவற்றோடு எந்தச் சாதனையும் செய்யாமல் தினமும் வேலைக்குப் போய் வந்த ஒன்று. கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 1931-ல் தொடங்கி 2004-ல் நின்றது. அகலப் பாதை வந்ததும் பழைய வண்டி ஓட இடமே இல்லை. ஜப்பானிலிருந்து வந்த அந்த மீட்டர் கேஜ் எஞ்சின்கள் மொத்தமே இருபதுதான்.

எங்கள் ஆட்களுக்கும் இந்த எஞ்சின்களுக்கும் உள்ள உறவு கொஞ்சம் கசப்பானது. டர்பனில் முதல் ரயில் ஓடியது 1860 ஜூன் 26. மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்தது அதே ஆண்டு நவம்பர் 16. அதற்குப் பிறகு நேட்டால் ரயில்வேக்குத் தண்டவாளம் போட்டவர்களிலும் ஜல்லி கொட்டியவர்களிலும் நிறையப் பேர் நம்மவர்கள். 1924-க்குப் பிறகு, வெள்ளையருக்கே முன்னுரிமை என்ற அரசுக் கொள்கையால் பலர் அந்த வேலையையும் இழந்தார்கள். மின்சார எஞ்சின் வந்த காலம் அதுதான். ஓட்டுநர் இருக்கை நம்மவர்களுக்கு எட்டாத இடம். என் தாத்தா கழுவிய எஞ்சின்களில் ஒன்றிலும் அவர் உட்கார்ந்ததில்லை. மாமா எண்பதுகளின் கடைசியில் சேர்ந்தபோதுதான் கொஞ்சம் கதவு திறந்தது. அதனால்தானோ என்னவோ, எஞ்சினைப் பாதுகாப்பது பற்றிப் பேசினால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பலர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அருங்காட்சியகத்தில் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஓட்டுநரின் படம் மட்டும் தொங்கும்போது, கழுவியவரின் படமும் வேண்டும் என்று கேட்க யாராவது போயிருக்க வேண்டுமல்லவா?

போன மாதம் மாமாவை வகுப்புக்கு அழைத்தேன். கார்பன் பிரஷ்ஷைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் கை மாற்றிக் கை மாற்றி வாங்கிப் பார்த்ததில் எல்லார் விரலும் கறுப்பு, இரண்டு பேர் சட்டையிலும் கறுப்பு. அன்று நீராவி ரயிலில் கேள்வி கேட்ட பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"தாத்தா, இது எந்த நம்பர் யூனிட்டுல இருந்தது?"

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "தெரியலையேடா கண்ணு. கழற்றும்போது குறிச்சு வைக்கணும்னு தோணல" என்றார்.

பையன் தன் பென்சில் டப்பாவிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்து, அதில் மாமா பெயரையும், ஷெட்டின் பெயரையும் கேட்டுக் கேட்டு எழுதி, செம்பு வாலில் ஒட்டினான். எண் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு விட்டுவைத்தான்.